அணியத்தில் நிற்பவன்

ஏப்ரல் 28, திங்கள்

வேலைக்குப் போகத் தொடங்கி ஒரு கிழமை. உதடு வெடித்துவிட்டது. பட்டம் எடுத்து இரண்டு வருடம்.

நிலாவெளிக் கரையில் இருந்து விடியற்காலையில் டொல்பின் பார்க்கப் போகும் படகுகளில் எங்களுடையதும் ஒன்று. எங்களுடையது என்றால் முதலாளியுடையது. ஓட்டுபவர் பெனடிக்ற் அண்ணன். நான் முன்னால், அணியத்தில், கால்களை அகட்டி நிற்கிறேன். பயணிகளோடு ஆங்கிலத்தில் கதைக்கிறேன். கடலைப் பார்க்கிறேன். வேகம் எடுத்தால் படகின் மூக்கு தூக்கிக்கொள்ளும். பின்னால் என்ஜினோடு இருப்பவருக்கு எதிரே வானம்தான் தெரியும். அவருடைய கண் நான்.

அண்ணன் சொல்லித்தந்தது இரண்டே விசயம். இடது கை திசை காட்ட. வலது கை நிறுத்த. வலது கை மேலே போனால் அவர் யோசிக்கமாட்டார்.

"ஏனெண்டு கேக்கமாட்டன். நிப்பாட்டிப்போட்டுத்தான் கேப்பன்."

பல்கலைக்கழகம் போய்வந்தவன் என்று கரையில் எல்லாரும் என்னைக் 'கம்பஸ்' என்று கூப்பிடுகிறார்கள். பெயரைக் கேட்டவர் இல்லை.

ஏப்ரல் 30, புதன்

மற்றப் படகுகள் டொல்பினைக் கண்டதும் பாய்கின்றன. டொல்பின்கள் முங்கிப் போய்விடுகின்றன. பயணிகள் ஏமாந்து திரும்புகிறார்கள்.

அண்ணன் பாய்வதில்லை. கூட்டத்துக்குப் பக்கத்தில் போகிறார். அது திரும்பினால் இவரும் திரும்புகிறார். கிட்டப் போவதும் இல்லை, விடுவதும் இல்லை. ஒரே வேகம். ஓங்கிலுக்கும் மூச்சு வேண்டும் என்கிறார். இங்கே அதை ஓங்கில் என்பார்கள். பயணிகளுக்குத்தான் டொல்பின்.

"விரட்டினா ஓடும். பக்கத்திலேயே நிண்டா ஓடவும் ஏலாது, ஒளிக்கவும் ஏலாது. களைச்சுத் தானா மேல வரும்."

இன்று ஒரு தாயும் குட்டியும். குட்டி களைத்துப்போய் எங்கள் பக்கத்திலேயே மிதந்தது. படகில் எல்லாரும் கைதட்டினார்கள். எங்களோடு விளையாட வந்திருக்கிறது என்று மொழிபெயர்த்தேன்.

மே 3, சனி

புறாமலைத் தீவுக்கு வடக்கே ஒரு சிவப்பு பிளாஸ்ரிக் கான் மிதந்தது. வலது கையைத் தூக்கினேன். வாய் திறக்க முன்னரே என்ஜின் நின்றது. ஒரு வெள்ளைக்காரர் இருக்கையில் இருந்து முன்னுக்குச் சரிந்தார்.

கானுக்குக் கீழே ஆள். குணாளன். தனியே தெப்பத்தில் வந்து சங்கு குளிப்பவர். இடுப்பில் இருந்து ஒரு நீலக் கயிறு கானுக்குப் போகிறது. கான் நிற்கும் இடத்தில் கீழே அவர் இருக்கிறார் என்று அர்த்தம். மேலே வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன கம்பஸ், டொல்பினுக்கு இண்டைக்கு என்ன பாடம்? இங்கிலீசோ?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். விளங்காமலே வெள்ளைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் ஒரு தோடம்பழத்தை எறிய, குணாளன் ஒற்றைக் கையால் பிடித்தார். பல் மட்டும் வெள்ளை.

கரைக்கு வந்ததும் அண்ணன் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். மாலையில் தேநீர்க் கடைக்காரனும் கேட்டான், இங்கிலீசோ?

மே 5, திங்கள்

ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகம். கடிதம் வந்துவிட்டது. ஜூன் நடுப்பகுதி. பொலிஸ் நற்சான்று கொண்டுபோக வேண்டும். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் கடிதத்தை வைத்துவிட்டாள். இன்னும் ஒரு மாதம்தான் இந்த உப்பு.

மே 6, செவ்வாய்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு குடும்பம். தகப்பன், தாய், இரண்டு பெண்பிள்ளைகள். வேறு படகுகள் இன்று போகவில்லை.

புறப்படும்போது அண்ணன் சொன்னார், வடக்கே குணாளன் நிற்பான், பார்த்துக்கொள்.

கூட்டம் பெரிது. தகப்பனுக்கு ஆட்டத்தில் பயம், எழும்ப முடியவில்லை. தன் போனை நீட்டினார். வீடியோ எடுத்துக்கொடுத்தேன். நல்ல வெளிச்சம். தண்ணீரில் இருந்து இரண்டு ஒன்றாக எழும்பின.

கீழே ஒரு அடி. மரக்குற்றியில் முட்டியது போல. என்ஜின் ஒருமுறை முனகிப் பிறகு ஓடியது.

ஆமை என்றார் அண்ணன்.

ஒருதரம் சுற்றிப் பார்த்தோம். தண்ணீர்.

ஆமை செத்துவிட்டதா என்று சின்னவள் கேட்டாள். ஆமைக்கு ஓடு இருக்கிறது என்றேன். சந்தோசப்பட்டாள்.

பின்னேரம் பட்டணத்துக்குப் போய் விண்ணப்பத்துக்குப் படம் எடுத்தேன். கண் மூடிவிட்டது. இரண்டாவது படம் பரவாயில்லை.

மே 7, புதன்

குணாளனின் தெப்பம் ஆளில்லாமல் கரையொதுங்கிக் கிடக்கிறது. நங்கூரக் கயிறு அறுந்திருக்கிறது. அதில் சேர்ட். சோற்றுப் பார்சல். பிரிக்கவில்லை.

அண்ணன் படகைக் கரையில் சரித்து என்ஜின் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இதழில் பல் விழுந்திருக்கிறது. தண்டில் நீலக் கயிறு சுற்றியிருந்தது. கத்தியால் அறுத்தார். கயிற்றைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். என்னைப் பார்த்தார்.

நான் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மே 8, வியாழன்

எல்லாப் படகுகளும் தேடப் போயின. கடைசியாக எங்கே கண்டது என்று கரையில் கேட்டார்கள். அண்ணன் என்ஜினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் வந்துவிட்டது. சனிக்கிழமை கண்டதாகச் சொன்னேன். அது பொய் இல்லை. எந்தப் பக்கம் என்றார்கள்.

இடது கையால் காட்டினேன். தெற்கு.

பகல் முழுக்கத் தெற்கே தேடினோம். பதினான்கு படகு. ஒருவரும் சாப்பிடவில்லை. நீரோட்டம் வடக்கே போய்க்கொண்டிருந்தது.

மே 11, ஞாயிறு

குணாளனின் மனைவி வந்தாள். தவமலர். முப்பத்தைந்து இருக்கும். பிள்ளைகள் இல்லை. காதில் சின்னத் தோடு, நெற்றியில் பொட்டு. கழுத்தில் தாலி.

இந்தக் கரையில் ஒரு வழக்கம். கடலில் ஆளைத் தேடுகிறவர் வந்து கேட்டால், எந்தப் படகும் இடம் இல்லை என்று சொல்லக்கூடாது. மீன் படகும் சரி, பயணிகள் படகும் சரி. சொன்ன படகு அந்த வருடம் முழுகும் என்பார்கள். இன்னொரு நம்பிக்கையும் உண்டு. நீரில் போனவரை ஓங்கில் சுற்றி நிற்குமாம்.

அவள் மீன் படகுகளிடம் போகவில்லை. நேரே எங்களிடம் வந்தாள்.

"நீங்கள்தானே ஓங்கிலுக்குப் பின்னால போறது. நானும் வாறன்." பிறகு, செருப்பைக் கழற்றியபடி: "செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போனது உங்கட படகு மட்டும்தானாம்."

அண்ணன் கைநீட்டி அவளை ஏற்றினார். ஏறிய பிறகும் அவள் அந்தக் கையைப் பிடித்திருந்தாள்.

மே 12, திங்கள்

வெசாக் விடுமுறை. தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாகச் சனம். படகில் இடமே இல்லை. இருந்தும் தவமலருக்கு இடம். காசு கட்டிய ஒருவர் ஐஸ் பெட்டிமேல் இருந்தார்.

அவள் எல்லாரையும்போல முன்னுக்குப் பார்த்து இருக்கவில்லை. நடு இருக்கையில், பின்னுக்குத் திரும்பி, அண்ணனைப் பார்த்து இருக்கிறாள். டொல்பின் வருகிறது என்று எல்லாரும் எழும்பிக் கத்துகிறார்கள். அவள் திரும்பவில்லை.

மே 14, புதன்

இன்றும். நேற்றும் அப்படித்தான்.

திரும்பி இருக்கச் சொல் என்று அண்ணன் என்னிடம் சொன்னார். போய்ச் சொன்னேன். முன்னுக்குப் பார்த்தால்தானே அக்கா கடல் தெரியும்.

"இந்தப் பக்கம் பார்த்தாத்தான் தம்பி எனக்குத் தலை சுத்தாது."

ஒரு ஜேர்மன் தம்பதி, அவள் யார் என்று கேட்டார்கள். முதலில் சொந்தக்காரி என்றேன். பிறகு சொன்னேன். கடல், கணவன், டொல்பின் பற்றிய நம்பிக்கை. ஆங்கிலத்தில் அது நன்றாகவே வந்தது. இடையில் எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மனைவி அழுதாள். கணவன் தவமலரின் முதுகைப் படம் எடுத்தார்.

மே 16, வெள்ளி

ஜேர்மன்காரர் எங்கேயோ எழுதியிருக்கிறார். கணவனைத் தேடும் பெண்ணோடு டொல்பின் பயணம். நான் நிறுத்திய இடத்திலேயே அவரும் நிறுத்தியிருக்கிறார். சனம் கேட்டு வருகிறது. அந்தப் பெண் வரும் படகு எது?

முதலாளி கரைக்கு வந்தார். மிகவும் மரியாதையாகக் கதைத்தார். நாளையில் இருந்து தவமலருக்குக் காலைச் சாப்பாடு அவர் செலவு. ஒரே ஒரு விசயம், வெள்ளைச் சேலை கட்டி வந்தால் பார்க்கிறவர்களுக்கு விளங்கும்.

அண்ணன் எழும்பி அந்தப் பக்கம் போய்விட்டார். தவமலர் முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் செத்திட்டார் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது, ஐயா?"

முதலாளி ஏதோ சொல்லிச் சமாளித்தார். அவள் அதைக் கேட்கவில்லை. அண்ணன் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கணம் என்னை.

மே 17, சனி

சிவப்புச் சேலை கட்டி வந்தாள்.

மே 19, திங்கள்

வெள்ளவத்தைக்காரர் அன்றைய வீடியோவை அனுப்பியிருக்கிறார். 'மறக்க முடியாத காலை, மிக்க நன்றி தம்பி.' கடையின் பின்னால் நின்று பார்த்தேன்.

நல்ல வெளிச்சம். இரண்டு ஒன்றாக எழும்புகின்றன. என் குரல் கேட்கிறது: "இடப்பக்கம், இடப்பக்கம் பாருங்கோ." கீழ் மூலையில் ஒரு சிவப்பு. அது படத்துக்குள் வருகிறது. பெரிதாகிறது. படகுக்குக் கீழே போகிறது. சிவப்பு எதுவாகவும் இருக்கலாம். படம் ஆடவில்லை. அடி விழும்போதும் ஆடவில்லை. அந்த அளவுக்கு இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

அழித்துவிட்டேன்.

அவருக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினேன். அவர் பதில் போட்டார்: முதலாளிக்கும் அனுப்பியிருக்கிறார். முதலாளி அதைப் படகின் பேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டாராம்.

பார்த்தேன். இருக்கிறது. நிறையப் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

அண்ணனிடம் இருப்பது பொத்தான் போன்.

மே 21, புதன்

அண்ணன் சாப்பிடுவதில்லை. விசிறியைத் தன் காசில் மாற்றினார். பழையதை எங்கே போட்டார் என்று தெரியவில்லை. விடிய அந்தோனியார் கோயிலில் முழங்காலில் நிற்கிறாராம். கடலில் ஒரே பாதையில் ஓட்டுகிறார், எங்கே திரும்பினாலும் அவளுடைய கண் எதிரே இருக்கிறது. படகு அவ்வளவு சின்னது.

இன்று என்ஜினை நிறுத்திவிட்டு, பயணிகளுக்கு முன்னால், அவளிடம் கேட்டார்: "தண்ணி குடிக்கிறியா பிள்ளை?"

"நீங்கள் குடியுங்கோ அண்ணன். உங்களுக்குத்தான் களைப்பு."

அவள் குரலில் கோபமே இல்லை.

அவளை இனி ஏற்றவேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன். பயணிகளின் மனம் பாதிக்கிறது என்றேன். முதலாளி சிரித்தார். இந்த மாதம் முழுக்கப் பதிவு நிறைந்துவிட்டதாம். அதோடு, கரையின் வழக்கம் தெரியாதா தம்பி உனக்கு?

மே 23, வெள்ளி

கரை. பயணிகள் இறங்கிப் போய்விட்டார்கள். நான் உயிர்காப்பு அங்கிகளை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தவமலருக்கு முன்னால் மணலில் இருந்தார். பையில் இருந்து நீலக் கயிற்றை எடுத்து அவள் மடியில் வைத்தார். அதில் ஒரு முடிச்சு இருந்தது. அவள் முடிச்சைத் தடவிப் பார்த்தாள். அவள் போட்டதாக இருக்கும்.

அழுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். சனம் கூடுமே என்று நினைத்தேன்.

கயிற்றை முழங்கையில் அழகாகச் சுற்றினாள். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மத்தப் பக்கம் தேடவிட்டீங்களே அண்ணன்," என்றாள். "வடக்கே தேடியிருந்தா அண்டைக்கே கிடைச்சிருப்பார்."

அண்ணன் தலை குனிந்தார். நான் காட்டிய திசை என்று அவர் சொல்லவில்லை.

மே 24, சனி

அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையம் வரை நடந்தார். குளித்து, வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். வழியில் கடையில் பிளேன்ரீ குடித்தோம். மூன்று கிழமையில் அவர் முழுதாகக் குடித்த முதல் தேநீர்.

"நான் நல்லா யோசிச்சுப் பார்த்தன் தம்பி. நீ கை தூக்கேல்ல."

"இல்ல அண்ணன்."

"தூக்கியிருந்தா நான் நிப்பாட்டியிருப்பன். ஏனெண்டு கேட்டிருக்கமாட்டன். நீ தூக்கேல்ல. அப்ப நீயும் காணேல்ல. என்ன?"

"ஓம் அண்ணன்."

"முன்னுக்கு நிண்ட உனக்கே தெரியாத ஒண்டு, பின்னுக்கு இருந்த எனக்கு எப்பிடித் தெரியும். அது கடவுளுக்குத் தெரியும். ஆனா ஓட்டினது நான்தானே." கிளாசைக் கழுவும் வாளிக்குள் அவரே வைத்தார். "நீ நிண்டனி எண்டு சொல்லுவன். ஒண்டும் காணேல்ல எண்டும் சொல்லுவன். உன்ர வேலைக்கு ஒண்டும் வராது."

தேநீருக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

மே 26, திங்கள்

வாக்குமூலம் எடுத்தார்கள்.

அணியத்தில் நின்றது யார்? நான். முன்னால் ஏதாவது கண்டீரா? இல்லை. ஆள் நிற்பது தெரிந்தால் என்ன செய்வீர்? வலது கையைத் தூக்குவேன். தூக்கினீரா? இல்லை, ஒன்றும் தெரியவில்லை.

அந்த நேரம் வலது கையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அதே மேசையில் என்னுடைய நற்சான்று விண்ணப்பமும் கிடந்தது. அதிகாரி அடையாளம் கண்டு சிரித்தார். இரண்டையும் ஒன்றாகவே முடித்துவிடலாமே என்றார். ஒரே பேனா.

வெளியே அண்ணனின் மனைவி. விறாந்தைத் தூணோடு நின்றாள். அவர் சாப்பிட்டாரா என்று என்னிடம் கேட்டாள். சாப்பிட்டார் என்றேன்.

மே 28, புதன்

அண்ணனை மறியலில் அடைத்துவிட்டார்கள். கடற்படையின் சுழியோடிகள் வடக்கே இறங்கித் தேடினார்கள். ஒரு கண்ணாடி மட்டும் கிடைத்தது. அதுவும் குணாளனுடையதுதானா என்று சொல்ல முடியாதாம்.

முதலாளி இரண்டாவது படகை இறக்குகிறார். கல்பிட்டியில் இருந்து புது ஓட்டி. வேலையை விடுவோமா என்று யோசித்தேன். இப்போது விட்டால் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள்.

தவமலர் இனி வரமாட்டாள். தேடியதை எடுத்துவிட்டாள்.

நன்றாக நித்திரை.

மே 29, வியாழன்

புது ஓட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். இடது கை திசை. வலது கை நிறுத்த. அவன் தலையாட்டினான்.

பயணிகள் ஏறி முடிய, மணலில் அவள் வந்தாள். அதே சிவப்புச் சேலை. பொட்டு. தாலி. இடுப்பில் நீலக் கயிறு. புது ஓட்டிக்கு அவளைத் தெரியாது. என்னைப் பார்த்தான், ஏற்றுவதா?

நான் ஒரு பயணியின் அங்கிப் பட்டியை இறுக்கினேன். கரையில் நின்ற கிழவர் ஒருவர் சத்தம் போட்டார், தேடுற பிள்ளையடா, ஏத்து.

அதே நடு இருக்கை. ஆனால் இன்று பின்னுக்குத் திரும்பவில்லை. எல்லாரையும்போல முன்னுக்குப் பார்த்து இருந்தாள். முன்னுக்கு நான் நின்றேன்.

பயணிகளில் யாரோ தலை சுற்றுகிறது என்றார்கள். அவளுக்குச் சுற்றவில்லை.

புறாமலைக்கு வடக்கே கூட்டம் எழும்பியது. நிறைய. நல்ல வெளிச்சம். எல்லாரும் எழும்பிக் கத்தினார்கள். முதல் வரிசையில் இருந்த ஒரு அம்மா, எழும்ப முடியாமல், தன் போனை என்னிடம் நீட்டினார். தம்பி, ஒருக்கா எடுத்துத் தாறீங்களா?

நான் தண்ணீரைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன்.

"வாங்குங்கோ தம்பி," என்றாள் தவமலர். மெல்லிய குரல். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது அன்பாகத்தான் கேட்டிருக்கும். "முதலாளி உங்கட வீடியோவைக் காட்டினவர். கொஞ்சமும் ஆடாமல் எடுத்திருக்கிறீங்கள்."

வாங்கினேன். எடுத்தேன். படம் முழுக்க ஆடியது.

திரும்பும் வழியெல்லாம் ஓங்கில்கள் பக்கத்திலேயே வந்தன. நான் கடலைப் பார்த்து நின்றேன். கழுத்தின் பின்புறம் வெயில்போல ஒன்று. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இறங்கும்போது கை கேட்டாள். வலது கையைத்தான் கேட்டாள். கொடுத்தேன். சற்று நேரம் பிடித்திருந்தாள்.

நேர்முகத்துக்கு இன்னும் இரண்டு கிழமை. ஒவ்வொரு விடியலும் படகு போகும். அவள் வருவாள். தேடுகிறவருக்கு இடம் இல்லை என்று சொல்லக்கூடாது.